கல்லெடுத்த ஊரில் நீச்சல் பழக்கிய இருபத்தொரு நாட்கள்

பங்குனி மாதத்தில் மூன்று கிழமை காங்கேசன்துறையில் இருந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல, வேலைக்கு. நான் திருகோணமலைக்காரி. ஹோட்டல்களில் கடற்கரைக் காவலுக்கு நிற்பவர்களுக்கு நீச்சலும் உயிர்காப்பும் பழக்குவதுதான் என் தொழில். காங்கேசன்துறைக் கடலோரத்தில் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டல் (பெயர் வேண்டாமே) தன் ஊழியர்கள் ஐந்து பேருக்குப் பயிற்சி வேண்டும் என்று கேட்டது. வாடைக்காற்று அடங்கி, சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்புவதற்கு முன் வடகடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடக்கும் காலம் பங்குனி. உடனே சம்மதித்தேன்.

வடக்கே போகத் திட்டமிடும் பலர் என்னிடம் வழி, செலவு, தங்குமிடம் எல்லாம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் அங்கே நான் சந்தித்த ஒரு பெண்ணை விட்டுவிட்டு இந்தப் பயணத்தை என்னால் சொல்ல முடியவில்லை. ஆகவே பஸ் நேரத்துக்கும் ரிக்கற் விலைக்கும் நடுவில் அவரும் வருவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலையிலிருந்து காலை ஆறு மணி பஸ். வவுனியா வழியாக யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ இருநூற்று முப்பது கிலோமீட்டர். நான் கொடுத்தது 980 ரூபா. இடது பக்க யன்னலோரம் வேண்டுமென்றால் ஐந்தரைக்கே போய்விடுங்கள். ஒரு மணிக்கு யாழ்ப்பாணத்தில் இறங்கி, பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்து புகையிரத நிலையம் போனேன். பஸ்ஸிலேயே காங்கேசன்துறை போகலாம், அது இன்னும் சுலபம். ஆனால் அந்தக் கடைசிப் பதினெட்டுக் கிலோமீட்டரை ரயிலில் போக வேண்டும் என்பது என் ஆசை. மூன்றாம் வகுப்பு, 60 ரூபா, முப்பத்தைந்து நிமிடம்.

அந்த முப்பத்தைந்து நிமிடமும் அரைத்தூக்கத்தில் கண்ட கனவுபோலத்தான் எனக்கு நினைவிருக்கிறது. இணுவிலில் கோயில் மணி கேட்டது. சுன்னாகத்தில் வெங்காய மூட்டைகளோடு நாலைந்து பேர் ஏறினார்கள், பெட்டி முழுக்க வெங்காய வாசம். வெளியே செம்மண் தோட்டங்கள், வாழை, பாகல் பந்தல், வெட்டி முடித்த புகையிலைக் கட்டைகள். தெல்லிப்பழை தாண்டியதும் வீடுகள் ஐதாகிவிட்டன. புதுச் சுவர் எழுப்பிய ஒரு வீடு, பக்கத்தில் கூரையில்லாத ஒரு வீடு, அதன் யன்னலுக்குள்ளிருந்து வெளியே வந்து வெயில் காயும் ஒரு ஆலங்கிளை. பிறகு தூரத்தில் சாம்பல் நிறத்தில் உயரமான கட்டடங்கள் எழுந்து நின்றன. பழைய சீமெந்துத் தொழிற்சாலை. ரயில் நின்றது. வடக்கே இதற்கு மேல் தண்டவாளம் இல்லை.

இந்த ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். காங்கேசன்துறையைச் சுற்றியுள்ள நிலத்துக்கு அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லைத் தோண்டித்தான் பல வருடங்கள் இங்கே சீமெந்து செய்தார்கள். ஊரே அதில் வேலை செய்தது, அதில் சாப்பிட்டது. தொண்ணூறில் யுத்தம் ஊரைக் காலி செய்தது. சனங்கள் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டுப் போனார்கள். காணிகள் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், பல வருடங்களுக்குப் பிறகு துண்டு துண்டாக விடுபட்டன. இப்போது நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறது, கடற்கரையில் ஐஸ்கிறீம் விற்கிறார்கள், ஹோட்டல்கள் எழும்புகின்றன. கல்லெடுத்த பெரிய பெரிய பள்ளங்களில், ஊர்ப்பேச்சில் கிடங்குகளில், மட்டும் தண்ணீர் நின்று பச்சையாக வானத்தைப் பார்த்தபடி கிடக்கிறது.

நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு ஓட்டோ, 250 ரூபா. ஓட்டிய ஜெகனுக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய அப்பா தொழிற்சாலையில் கல் உடைக்கும் இயந்திரத்தில் வேலை செய்தவராம்.

“அக்கா, இன்னும் அஞ்சு வருசத்தில வந்து பாருங்கோ,” என்றார். “இஞ்சை கசினோ வந்திடும்.”

“ஆர் சொன்னது?”

“எல்லாரும் சொல்லினம். அந்தக் கிடங்கு இருக்கெல்லோ, அதைச் சுத்திப் பெரிய ஹோட்டலாம். நடுவில வள்ளம் விடுவினமாம். மேல்மாடியில கசினோ. வெளிநாட்டுக்காரர் கப்பலால இறங்கி நேர வந்து சூது விளையாடுவினம்.”

“நீங்களும் விளையாடுவியளோ?”

“நான் ஏன் விளையாடுறன்? விளையாடித் தோத்தவனை ஸ்ரேசனுக்கு ஏத்திக்கொண்டு போக ஆள் வேணுமெல்லோ?”

இருவரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கதையை அடுத்த மூன்று கிழமையும் எல்லா இடத்திலும் கேட்டேன். தேநீர்க்கடையில் (பிளேன்ரீ 60 ரூபா, வாழைப்பழ வாய்ப்பன் 50, இரண்டுமே நல்லது) அதுதான் பேச்சு. என் மாணவர்களில் ஒருவன் கபிலன், இருபத்துநாலு வயது, மதிய இடைவேளையில் ஒரு சீட்டுக்கட்டை வைத்து விசிறிபோல விரித்து விரித்துப் பழகிக்கொண்டிருப்பான். கசினோ வந்தால் சீட்டுப் பகிரும் வேலைக்குத் தான் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டுமாம். அவன் கைகளில் சீட்டுகள் ஓடும் அழகைப் பார்த்தால் நமக்கே அது வந்துவிட்டதுபோல இருக்கும். கசினோவைக் கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை, ஆனால் ஊரில் பாதிப்பேர் அதற்குள் குடிபோய்விட்டார்கள்.

ஹோட்டலில் பணியாளர் விடுதியில் எனக்கு ஒரு சின்ன அறை. காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை கடலில் பயிற்சி, பின்னேரம் மூன்று மணி முதல் நாலு மணி வரை ஹோட்டல் குளத்தில். இடையில் முழுப் பகலும் என்னுடையது. கடற்கரைப் பாறைகளில் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்துக் கடலுக்கு எல்லையே தெரியாது. தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் கரைந்துபோயிருக்கும். தூரத்துத் தோணி ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் நாள் பின்னேரம் பயிற்சி முடிந்து ஈரத்தோடு நின்றபோது ஒரு பெண் மடித்த துவாய்களைக் கொண்டுவந்து வைத்தார். சலவைப் பகுதியில் வேலை செய்பவர். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயது இருக்கும். மெலிந்த தேகம், பின்னிக் கட்டிய தலைமுடி. சட்டையில் குத்திய அட்டையில் தவமலர் என்று இருந்தது. துவாயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“ரீச்சர், என்னையும் சேர்ப்பியளோ?”

“உங்களுக்கு நீந்தத் தெரியுமோ அக்கா?”

“தெரிஞ்சால் ஏன் உங்களிட்டை வாறன்?”

“இது உயிர்காப்புப் பயிற்சி. நல்லாய் நீந்துறவைக்குத்தான்.”

“எனக்கு ஆரையும் காப்பாத்த வேண்டாம். ஒரு இடத்துக்குப் போகவேணும். நடந்து போகேலாது.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஒரு அம்பது மீற்றர் வரும்.”

மனேஜரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, வேலை நேரத்துக்கு வெளியே என்ன செய்தாலும் தனக்கு ஆட்சேபனை இல்லை, ஆனால் விருந்தினர் குளத்தில் வேண்டாம் என்றார். ஆகவே நாங்கள் கீரிமலைக்குப் போனோம்.

கீரிமலையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடலை ஒட்டி ஒரு கேணி. கடலுக்கும் கேணிக்கும் நடுவில் ஒரு சுவர்தான், ஆனால் கேணியில் ஊறுவது நல்ல தண்ணீர். இறந்தவர்களுக்குக் கடன் கழிக்க வருபவர்கள் முழுகும் இடம். ஆண்கள் கேணி பெரியது, திறந்தவெளி. பெண்களுக்கு உயரமான மதிலுக்குள் சின்னதாக ஒன்று. பெரும்பாலானோர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். பெண்கள் கட்டாயம் போங்கள், மாற்றுடுப்போடு. காங்கேசன்துறையிலிருந்து மாவிட்டபுரம் வழியாக ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். ஜெகன் போக வர 1,200 ரூபா எடுத்தார். காத்து நிற்பதற்குத் தனியாக ஒன்றும் கேட்கவில்லை.

நாலரை மணிக்குப் பிறகு அங்கே சனம் குறைவு. மதிலுக்கு அப்பால் கடல் இரையும், உள்ளே தண்ணீர் அசையாது. தவமலர் அக்கா நீளக் காற்சட்டையும் தளர்ந்த ரீசேட்டும் போட்டுக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி நின்றார். முகத்தைத் தண்ணீருக்குள் விடப் பழக ஒரு நாள். மூச்சு விடப் பழக இன்னொரு நாள். கெட்டிக்காரி. ஆனால் மிதக்கும்போது மட்டும், கால் நிலத்தை விட்டு எழுந்த கணத்தில் என் கையை உடும்புபோலப் பிடித்துக்கொள்வார்.

“கால் நிலத்தில படாட்டி நெஞ்சு பதறுது, ரீச்சர்.”

“நிலத்தை மறவுங்கோ அக்கா. காதைத் தண்ணிக்குள்ள விடுங்கோ. மேலை பாருங்கோ.”

“மேலை என்ன இருக்கு?”

“ஒண்டுமில்லை. அதுதான் பாக்கச் சொல்லுறன்.”

கேணிக்குப் போகத் தொடங்கிய நாலாம் நாள் பிடி தளர்ந்தது. என் கை அவர் முதுகுக்குக் கீழே இருந்தது, பிறகு இல்லை. அவருக்கு அது தெரியவில்லை. கேணியின் நடுவில், மதில்களுக்கு மேல் சதுரமாக வெட்டியெடுத்த ஒரு துண்டு வானத்தைப் பார்த்தபடி அப்படியே கிடந்தார். நானும் பக்கத்தில் மிதந்தேன். எத்தனை நிமிடம் என்று தெரியாது. இத்தனை வருடத் தொழிலில் ஆயிரம் தடவை பார்த்த காட்சிதான், ஆனால் அன்று எனக்கும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் போய் எட்டாம் நாள், “வாங்கோ, இடத்தைக் காட்டுறன்” என்றார்.

மாவிட்டபுரத்துக்கு இந்தப் பக்கம் ஓர் ஒழுங்கையால் திரும்பி, பற்றைகளுக்கு நடுவே நடந்தோம். திடீரென்று நிலம் முடிந்தது. காலடியில் ஒரு கிடங்கு. அக்கரை இருநூறு மீற்றருக்கு அப்பால். வெள்ளைக் கல் சுவர்கள் செங்குத்தாக இறங்க, கீழே நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர், மேகங்கள் அதற்குள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. காற்றே இல்லை. ஊரின் சத்தம் ஒன்றும் அங்கே வரவில்லை.

“அங்கை பாருங்கோ,” என்று இடப்புறச் சுவரைக் காட்டினார்.

கல்சுவரில் மேலிருந்து கீழே ஒரு நீளமான அரைவட்டக் குழிவு. ஒரு குழாயை நெடுக்காகப் பிளந்து பாதியை எடுத்துவிட்டதுபோல. உச்சியில், நில மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, வளைந்த சீமெந்துக் கட்டு பாதி மிஞ்சி நின்றது. அது ஒரு கிணறு. பாதிக் கிணறு.

“எங்கடை கிணறு,” என்றார்.

அந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது அவருக்குப் பதினொரு வயது. அப்போது கிடங்கு அவர்கள் காணியிலிருந்து ஒரு வயலளவு தூரத்தில் இருந்தது. இல்லாத காலத்தில் அது பெருத்துவிட்டது. யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. இராணுவம் காணிகளை விட்டபோது, காணி உறுதிப் பத்திரத்தோடு ஒரு சேவயரையும் கூட்டிக்கொண்டு வந்தார்களாம். சேவயர் அளந்து பார்த்துவிட்டு, நாலு எல்லைக் கல்லில் ஒன்றுதான் நிலத்தில் இருக்கிறது என்றாராம். மற்ற மூன்றும், வீடும், கிடங்குக்குள்.

“அண்டைக்கு அம்மா இதில குந்தி இருந்து, வீடு தண்ணிக்குள்ள போயிட்டுது, வீடு தண்ணிக்குள்ள போயிட்டுது எண்டு சொல்லிச் சொல்லி அழுதவா. இப்பவும் சுன்னாகத்தில வாடகை வீட்டில இருந்துகொண்டு அதையேதான் சொல்லுறா.”

இப்போது அந்தத் தண்ணீருக்கு ஆள் வந்திருக்கிறது. கசினோப் பேச்சுக்கு அடியில் இருந்த ஒரே உண்மையான விஷயம் அதுதான்: ஒரு தரகர் கிடங்கைச் சுற்றியுள்ள காணிக்காரர்களைத் தேடித்தேடிக் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தவமலர் அக்காவின் தமையன் கனடாவில். விற்றுவிடுவோம் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். உறுதி இரண்டு பேர் பெயரிலும் இருந்ததால் தங்கையின் கையெழுத்தும் வேண்டும்.

“அண்ணையில பிழை சொல்லேலாது. தண்ணியை வைச்சு என்ன செய்யப்போறாய் எண்டு கேக்கிறார். கேள்வி சரிதானே? நான் சொன்னன், ஒருக்கால் வீட்டை போயிட்டு வந்து கையெழுத்து வைக்கிறன் எண்டு. அவருக்கு விளங்கேல்லை.”

எனக்கு விளங்கியது. ஆனால் மாட்டேன் என்றேன். இது கேணி அல்ல. கரை செங்குத்து, ஆழம் தெரியாது, அடியில் இரும்போ கம்பியோ என்ன கிடக்கிறதோ. பழகி ஒரு கிழமைகூட ஆகாத ஒருவரை அதில் இறக்கினால் என் தொழிலுக்கு நான் துரோகம் செய்கிறேன். அவர் வாதாடவில்லை. “சரி, ரீச்சர்” என்றார். மறுநாள் கீரிமலைக்கு வழமைபோல வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள் நானே கிடங்குக்குப் போனேன், கபிலனையும் இன்னொரு மாணவன் நிரோஷனையும் கூட்டிக்கொண்டு. கிழக்குப் பக்கத்தில் பழைய லொறிகள் கல் ஏற்றி வந்த சரிவான பாதை அப்படியே தண்ணீருக்குள் இறங்குகிறது. அதுதான் பாதுகாப்பாக இறங்கி ஏறக்கூடிய ஒரே இடம். நான் நீந்திப்போய்க் கயிற்றில் கல் கட்டி ஆழம் பார்த்தேன். சரிவிலிருந்து பாதிக் கிணறு வரை நாற்பத்தைந்து மீற்றர். நடுவில் ஆழம் முப்பது அடி. மேலே கரையிலிருந்து தண்ணீர் மட்டம் வரை இன்னொரு கயிறு விட்டோம், இருபத்திரண்டு அடி. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பாதை முழுக்கத் தலையை அமிழ்த்திப் பார்த்தேன். சிக்கக்கூடியது எதுவும் இல்லை. பச்சை, அதற்குக் கீழே இன்னும் அடர்ந்த பச்சை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அக்காவின் பயிற்சியைக் கடலுக்கு மாற்றினேன். கழுத்தளவில், பிறகு கால் எட்டாத இடத்தில். பதினெட்டாம் நாள் தவமலர் அக்கா ஓய்வெடுக்காமல் அறுபது மீற்றர் நீந்தினார். கரையேறி மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தார்.

“நாளைக்கு,” என்றேன்.

பத்தொன்பதாம் நாள் காலை ஆறே முக்கால். கடற்பயிற்சிக்கு அன்று விடுமுறை விட்டிருந்தேன். வெயில் இன்னும் கிடங்குக்குள் இறங்கவில்லை, மேற்குச் சுவரின் உச்சியில் மட்டும் மஞ்சளாக ஒரு கோடு. தண்ணீரிலிருந்து மெல்லிய புகைபோல ஏதோ எழுந்துகொண்டிருந்தது. சரிவில் கபிலனும் நிரோஷனும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கயிற்றின் மறுமுனையில் செம்மஞ்சள் மிதவை, அது என் தோளில். சீட்டுக்கட்டுக்காரன் அன்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் நின்றான்.

அக்கா தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினார். அமைதியாக நீந்தினார். பத்து மீற்றர், இருபது மீற்றர். சத்தம் என்று அவர் மூச்சு மட்டும், அதுவும் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது. பாதி தாண்டியிருப்போம். அப்போது அவர் முகத்தைக் கீழே விட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தார். வீட்டைத் தேடியிருக்கிறார். இருந்தது அடி தெரியாத பச்சை.

அடுத்த நொடி இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இருவரும் அமிழ்ந்தோம். மாணவர்களுக்கு நான் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்ததுதான்: பிடித்தால் எதிர்க்காதே, கீழே போ, பிடி தளரும். கீழே போனேன். பிடி தளர்ந்தது. பின்னால் வந்து நாடியை உயர்த்தி, மிதவையை நெஞ்சோடு அணைத்துக்கொடுத்து, மல்லாக்காகத் திருப்பினேன். இருமினார். கபிலன் கயிற்றை இழுக்கத் தொடங்க, பொறு என்று கைகாட்டினேன்.

“அக்கா, மேலை பாருங்கோ. மேலை மட்டும்.”

பார்த்தார். மூச்சு மெல்ல மெல்ல இறங்கியது. நாங்கள் மிதந்து மிதந்து பாதிக் கிணற்றின் அடிக்கே வந்துவிட்டிருந்தோம். எங்கள் தலைக்கு மேலே அந்த அரைவட்டக் குழிவு நெடுக உயர்ந்துபோய், உச்சியில் கிணற்றுக் கட்டில் முடிந்தது. அங்கே வெயில் பட்டுக்கொண்டிருந்தது.

“ரீச்சர். கிணத்துக் கட்டு உவ்வளவு உயரத்தில நிக்குது.”

“ஓம்.”

“அப்ப எங்கடை வீட்டு முத்தம் அந்த மட்டம்.”

“ஓம் அக்கா.”

“வீடு தண்ணிக்குள்ள இல்லை.”

இருபத்திரண்டு அடி என்று நானே அளந்து எழுதியிருந்தேன். எழுதிய எனக்கே அது உறைக்கவில்லை.

மிதவையிலிருந்து ஒரு கையை எடுத்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட ஆகாயத்தில் விரலை நீட்டினார்.

“உதில குசினி, அதுக்குள்ள அடுப்பு. உதில விறாந்தை. கிணத்தடியில இருந்து ஏழெட்டு எட்டு வைச்சாப் போதும், அம்மா வாளியோட வந்து ஏறுற படி உதில. உந்தப் பக்கம் மாமரம்.” விரல் ஒவ்வொரு இடமாக நின்று நின்று நகர்ந்தது. “நாங்கள் வீட்டுக்குக் கீழ கிடக்கிறம், ரீச்சர்.”

அவர் காட்டிய இடத்தில் ஒரு மீன்கொத்தி குறுக்கே பறந்து போனது. குசினிக்குள்ளால் புகுந்து விறாந்தையால் வெளியே போனது. அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பி வந்தது. எதுவும் காணாமற்போகவில்லை, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, நாங்கள்தான் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டோம் என்று எனக்கும் அப்போது தோன்றியது.

திரும்பி வரும்போது அவரே நீந்தினார். மிதவையைத் தொடவில்லை.

சரிவில் உட்கார்ந்து போத்தலில் கொண்டுவந்த தேநீரைக் குடித்தோம். அழுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை. தலையைத் துவட்டிக்கொண்டு, ஏழரைக்கு வேலை, முப்பது கட்டில் விரிப்பு கிடக்கு என்றார். எழும்பிப் போகும்போது மட்டும் திரும்பி, “அம்மாவிட்டைச் சொல்லவேணும். அவ இவ்வளவு நாளும் பிழையான இடத்தைப் பாத்து அழுதுகொண்டிருந்திருக்கிறா,” என்றார்.

இரண்டு நாள் கழித்து நான் புறப்பட்டேன். தரகர் விஷயம் என்ன ஆனது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. மாசிக் கடைசி முதல் சித்திரை வரை நல்ல காலம். ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கடல் முரடு, குளிக்க நினைக்காதீர்கள். காங்கேசன்துறை ரயில்கள் ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான், நேரமும் மாறும். யாழ்ப்பாண நிலையத்தில் கேட்டுவிட்டு ஏறுங்கள். நான் சொன்ன விலைகளும் நீங்கள் போகும்போது கூடியிருக்கலாம். பெரிய ஹோட்டல் கட்டுப்படியாகாதென்றால் மாவிட்டபுரம், தெல்லிப்பழைப் பக்கம் வீடுகளில் அறை கொடுக்கிறார்கள். நான் விசாரித்த இரண்டு இடத்தில் காலைச் சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு 4,000, 4,500 ரூபா சொன்னார்கள். கீரிமலைக்குப் பின்னேரம் போங்கள்.

கிடங்குகளில் தயவுசெய்து இறங்காதீர்கள். இதை வாசித்துவிட்டு ஆசை வரும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். நாங்கள் கயிறு, மிதவை, இரண்டு ஆள், பல நாள் ஆயத்தம் எல்லாம் வைத்திருந்தும் ஒரு நொடியில் இருவரும் தண்ணீருக்கு அடியில் இருந்தோம். மேலே நின்று பாருங்கள், போதும். அந்தக் காணிகளுக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். படம் எடுக்கும்போது யாராவது வந்து நின்றால் ஒரு வார்த்தை கதையுங்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

நான் அங்கே இருந்தவரை ஊரில் கசினோ வரவில்லை. இப்போதும் வந்ததாகத் தெரியவில்லை. கபிலன் உயிர்காப்புச் சான்றிதழோடு கடற்கரையில் நிற்கிறான்.

வைகாசியில் தவமலர் அக்காவிடமிருந்து குரல் செய்தி ஒன்று வந்தது, நாலு நிமிட நீளம். கையெழுத்து வைக்க மாட்டேன் என்று இவர் சொன்னதும், தமையன் கோபத்தில் இரண்டு கிழமை கதைக்கவில்லையாம். பிறகு ஒரு காலை தானாக அழைத்து, அப்படி என்னதான் அங்கே கண்டாய், காட்டு என்றாராம். இவர் வீடியோ அழைப்பைப் போட்டுக்கொண்டு கிடங்கடிக்குப் போயிருக்கிறார். பாதிக் கிணற்றுக் கட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் போனோடு, கையை எட்டுமட்டும் வெளியே, தண்ணீருக்கு மேலே வெறும் காற்றில் நீட்டியிருக்கிறார்.

“நான் சொன்னன், அண்ணை, இப்ப நீங்கள் குசினி வாசல்ல நிக்கிறியள் எண்டு. அந்தப் பக்கம் சத்தமே இல்லை, ரீச்சர். லைன் கட்டாயிட்டுது எண்டு நினைச்சன். கை உளையுது, மடக்கவும் மனமில்லை. பிறகு மெல்லமாச் சொன்னார், கொஞ்சம் இடப்பக்கம் திருப்பு பிள்ளை, அங்காலை என்ரை மேசை இருந்தது எண்டு.”

தரகருக்கு வேண்டாம் என்று சொன்னது தமையன்தானாம்.